மீட்டிங்கில் என் பேச்சு மட்டும் ஏன் எப்போதும் லேட்டாகப் போய்ச் சேருகிறது?

மியூட்டில்_இருப்பவள்:

வணக்கம். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு டெஸ்டிங் வேலை. டீமில் ஏழு பேர், நான்கு நாடுகள். மூன்று வருடமாகிறது, ஒருவரைக்கூட நேரில் பார்த்ததில்லை. எல்லோரையுமே எனக்கு நெஞ்சுக்கு மேல்தான் தெரியும். அவர்களில் ஒருவர் ஆறடி நாலங்குலம் என்று போன மாதம் பேச்சுவாக்கில் தெரிந்தபோது, ஏதோ மூன்று வருடமாக என்னிடம் மறைத்துவிட்ட மாதிரி இருந்தது. அது இருக்கட்டும்.

விஷயம் இதுதான். மீட்டிங்கில் எனக்குப் பேச இடமே கிடைப்பதில்லை. யாரும் தடுப்பதில்லை, நல்ல மனிதர்கள்தான். ஒருவர் பேசி முடிக்கிறார். நான் மியூட்டை எடுத்து "ஒரு விஷயம்" என்று ஆரம்பிக்கிறேன். பார்த்தால் அதற்குள் இன்னொருவர் ஆரம்பித்திருக்கிறார். இருவரும் நிறுத்துகிறோம். "நீங்கள் சொல்லுங்கள்." "இல்லையில்லை, நீங்கள்." மறுபடி இருவரும் ஒன்றாகவே ஆரம்பிக்கிறோம், மறுபடி நிறுத்துகிறோம். மூன்றாவது தடவை நான் மியூட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன்.

போன மாதம் இப்படி உட்கார்ந்ததில் ஒரு பிழை தப்பித்துப் போனது. சந்தாவைப் புதுப்பிக்க வேண்டிய தேதி திரையில் 05/06 என்று வருகிறது. பெரும்பாலான நாடுகளில் அது ஜூன் 5. அமெரிக்காவில் மே 6. பயனர் எந்த நாட்டுக்காரர் என்று பார்க்காமல் எல்லோருக்கும் ஒரே மாதிரி காட்டிக்கொண்டிருந்தது. நாள் 12-க்கு மேலே இருந்திருந்தால் யார் கண்ணிலாவது பட்டிருக்கும், ஏனென்றால் பதின்மூன்றாவது மாதம் கிடையாதே. ஐந்தும் ஆறும் என்பதால் பார்த்தவர்களுக்கெல்லாம் சரியாகவே தெரிந்தது. வெளியீட்டுக்கு முந்தைய மீட்டிங்கில் இதைச் சொல்ல மூன்று தடவை வாயைத் திறந்தேன். பக்கத்திலிருந்த சாட்டிலும் எழுதினேன். அப்போது எல்லோரும் பகிர்ந்த திரையைப் பார்த்துக்கொண்டிருந்ததால் ஒருவரும் கவனிக்கவில்லை. வெளியீடு போய்விட்டது. இரண்டே நாளில் புகார் வந்தது, நான் எழுதியதையே வார்த்தை மாறாமல் சொல்கிற மாதிரி.

வருடாந்தர மதிப்பீட்டில் எனக்கு வந்த குறிப்பு: "கூட்டங்களில் ஈடுபாடு போதாது."

பழைய வேலையில் எல்லோரும் ஒரே அறையில் இருந்தோம். அங்கே என்னைக் கொஞ்சம் மெதுவாகப் பேசச் சொல்லித்தான் கேட்டிருக்கிறார்கள். அதே ஆள்தான் நான்.

எழுத்திலாவது தேறுகிறேனா என்றால் அதுவும் இல்லை. ஒருநாள் ஒருவருக்கு "ஓகே." என்று பதில் போட்டேன். ஐந்து நிமிடம் கழித்துத் தனியாக வந்து "ஏதாவது கோபமா?" என்று கேட்கிறார். ஒரு முற்றுப்புள்ளி வைத்தது குற்றமாம்.

நடுவில் புள்ளியியலில் ஆன்லைன் கோர்ஸ் ஒன்று சேர்ந்து மூன்றாவது வாரத்திலேயே விட்டுவிட்டேன். அதே கோர்ஸ், இரண்டாவது முறை. இதையும் சேர்த்துப் பார்க்கும்போது கோளாறு என்னிடம்தானோ என்று சந்தேகம் வருகிறது. கூச்சமா, சோம்பலா, இல்லை இந்தத் திரை வழியாக வாழ்வதே இப்படித்தானா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

குறுக்குச்சால்:

தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பேச வேண்டும் என்று நினைக்கிறவர் எப்படியும் பேசிவிடுவார். எங்கள் டீமிலும் பத்து பேர் இருக்கிறோம், நான் பேசத்தான் செய்கிறேன். "நீங்கள் சொல்லுங்கள்" என்று விட்டுக்கொடுப்பதை நிறுத்துங்கள், பாதி சரியாகிவிடும். பழியைத் திரை மேல் போட்டால் திரை வந்து பதில் சொல்லாது.

கம்பிவடம்:

குறுக்குச்சால், உங்கள் டீமில் மற்ற ஒன்பது பேர் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள்? ஒரே ஊரில் என்றால் நீங்கள் சொல்வது சரி. இவர் கதை வேறு.

நான் நெட்வொர்க் வேலையில் பதினெட்டு வருடம். கேள்வி கேட்டவருக்குக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் உங்களிடம் இருப்பது கூச்சம் இல்லை, மில்லிவினாடி.

நேரில் இரண்டு பேர் பேசும்போது ஒருவர் முடித்து மற்றவர் ஆரம்பிக்க எவ்வளவு இடைவெளி இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? 2009-ல் பத்து மொழிகளை வைத்து ஓர் ஆய்வு வந்தது. கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே சராசரியாக வினாடியில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 200 மில்லிவினாடி. ஜப்பானியர்கள் அதைவிடச் சீக்கிரம், டேனிஷ் பேசுகிறவர்கள் கொஞ்சம் நிதானம். ஆனால் எந்த மொழியும் அந்தச் சராசரியை விட்டு வெகுதூரம் போகவில்லை. கண்ணை மூடித் திறப்பதற்குள் முடிகிற காரியம். எதிராளி முடிப்பதற்கு முன்பே நாம் வாக்கியத்தைத் தயார் செய்துவைத்தால்தான் இது முடியும். யாரும் சொல்லிக்கொடுக்காமல் நாம் எல்லோரும் செய்கிறோம்.

இப்போது நெட்டுக்கு வாருங்கள். கண்டம் விட்டுக் கண்டம் போகிற தரவில் 95 சதவீதத்துக்கு மேல் கடலடிக் கம்பிவடத்தில்தான் போகிறது, செயற்கைக்கோளில் அல்ல. ஆழ்கடலில் அந்த வடம் தோட்டத்துக்குத் தண்ணீர் விடுகிற குழாய் அளவுதான் இருக்கும். உள்ளே ஓடும் கண்ணாடி இழை தலைமுடி மாதிரி. அதில் ஒளி வினாடிக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீட்டர் போகும். 10,000 கிலோமீட்டருக்கு 50 மில்லிவினாடி. அடடா, இவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் வடம் நேர்கோட்டில் கிடப்பதில்லை. உங்கள் குரலைச் சுருக்கி, துண்டு துண்டாக்கி அனுப்ப வேண்டும். அந்தத் துண்டுகள் முன்னே பின்னே வந்து சேரும் என்பதால் எதிர்முனையில் கொஞ்சம் தேக்கி வைத்துத்தான் ஒலிக்கவிடுவார்கள். வீட்டு வைஃபை தன் பங்குக்குக் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். புளூடூத் ஹெட்செட் என்றால் அது தனியாக நூறு, இருநூறு சேர்த்துவிடும். எல்லாம் கூடி ஒரு பக்கத்துக்கே 250, 300 என்று நிற்கும். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஜி.114 பரிந்துரையில், ஒரு பக்கத் தாமதம் 150-க்குள் இருந்தால் பேச்சுக்குப் பெரும்பாலும் இடைஞ்சல் இல்லை, 400-ஐத் தாண்டவே கூடாது என்று இருக்கிறது. நீங்கள் நடுவில் எங்கோ மாட்டியிருக்கிறீர்கள்.

இனிமேல்தான் முக்கியமான இடம். மீட்டிங்கின் ஒலியெல்லாம் ஒரு சர்வர் வழியாகப் போய் வருகிறது. உங்கள் டீமில் மூன்று நான்கு பேர் அந்த சர்வருக்குப் பக்கத்தில் இருப்பார்கள் என்று வைத்துக்கொள்வோம். மேனேஜர் பேசி நிறுத்துகிறார். அந்த நிசப்தம் உங்கள் காதுக்கு வர 250. நீங்கள் ஒரு நொடிகூடத் தயங்காமல் வாயைத் திறந்தாலும் உங்கள் குரல் அங்கே போக இன்னொரு 250. ஆக, அவர் நிறுத்தி அரை வினாடி கழித்துத்தான் நீங்கள் அந்த அறைக்குள் நுழைகிறீர்கள். பக்கத்தில் இருக்கிறவர் 200-லேயே ஆரம்பித்துவிட்டார். ஓட்டப்பந்தயத்தில் மற்றவர்கள் கிளம்பிய பிறகு உங்களுக்கு மட்டும் துப்பாக்கிச் சத்தம் கேட்கிறது. இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால், எதிரொலியைத் தடுக்கிற மென்பொருள் ஒருவர் குரலை அமுக்கவும் செய்யும். பிந்தி வந்தவர் குரல்தான் அமுங்கும் என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது, ஆனால் என் அனுபவத்தில் பாவப்பட்டவர் பெரும்பாலும் அவர்தான்.

இதைவிட மோசம் என்னவென்றால், தாமதத்தை யாரும் தாமதம் என்று உணர்வதில்லை. 2014-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், தெரியாமல் தாமதம் சேர்த்த இணைப்பில் பேசவிட்டார்கள். பேசியவர்கள் இணைப்பைக் குறை சொல்லவில்லை. எதிர்முனையில் இருந்த ஆளைத்தான் கவனம் இல்லாதவர் என்று எடை போட்டார்கள். உங்கள் மதிப்பீட்டுக் குறிப்பை எடுத்து இன்னொரு தடவை படியுங்கள்.

நம்பிக்கை வராவிட்டால் ஒரு சோதனை. டீமில் ஒருவரோடு ஒன்றிலிருந்து இருபதுவரை மாறி மாறி எண்ணுங்கள். நீங்கள் ஒன்று, அவர் இரண்டு, நீங்கள் மூன்று. முடிந்த வேகத்தில். நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் வீட்டில் யாரையாவது எதிரில் உட்காரவைத்து அதே மாதிரி எண்ணுங்கள். வித்தியாசத்தைப் பத்தால் வகுத்தால் உங்கள் குரல் போய்த் திரும்ப ஆகும் நேரம் கிட்டத்தட்டக் கிடைக்கும்.

கம்பி வைத்த ஹெட்செட், வைஃபைக்குப் பதில் லேன் கேபிள். முதலில் இதைச் செய்யுங்கள். இவ்வளவு சாதாரணமான வைத்தியமா என்று கேட்காதீர்கள்.

மியூட்டில்_இருப்பவள்:

கம்பிவடம் அண்ணா, மூன்று தடவை படித்தேன். அரை வினாடிக் கணக்கைப் படித்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது, சிரிக்காதீர்கள். என்னுடையது புளூடூத் ஹெட்செட்தான். மேனேஜரும் இன்னும் மூன்று பேரும் ஒரே நகரத்தில்தான் இருக்கிறார்கள். இந்த வாரம் எண்ணிப் பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன்.

குறுக்குச்சால், விட்டுக்கொடுக்கிற பழக்கம் எனக்கு உண்டுதான். அதையும் ஒத்துக்கொள்கிறேன்.

அரைப்புள்ளி:

நான் ஆராய்ச்சி மாணவி, கூடவே மொழிபெயர்ப்பும் செய்கிறேன். குரல் பக்கம் கம்பிவடம் சொல்லிவிட்டார், நான் அந்த "ஓகே." விஷயத்துக்கு வருகிறேன்.

2005-ல் ஜஸ்டின் க்ரூகரும் நிக்கோலஸ் எப்லியும் இன்னும் சிலரும் சேர்ந்து ஒரு சோதனை செய்தார்கள். சில வாக்கியங்களைக் கிண்டலாகவும் சிலவற்றை நிஜமாகவும் சொல்ல வேண்டும், படிப்பவர் எது எது என்று கண்டுபிடிக்க வேண்டும். மெயிலில் அனுப்பியவர்கள், படிப்பவர்கள் 78 சதவீதம் சரியாகப் புரிந்துகொள்வார்கள் என்று நினைத்தார்கள். புரிந்தது 56. காசைச் சுண்டிப் போட்டாலே 50 வரும். அதையே குரலில் சொன்னபோது 73. எழுதும்போது நம் தலைக்குள் நம் குரல் ஒலிக்கிறது, அது படிப்பவருக்கும் கேட்கும் என்று நம்பிவிடுகிறோம். ஸ்காட் ஃபால்மன் என்ற கணினி விஞ்ஞானி 1982 செப்டம்பர் 19 அன்று பல்கலைக்கழகத்தின் கணினி அறிவிப்புப் பலகையில் முக்காற்புள்ளி, கோடு, அடைப்புக்குறி மூன்றையும் சேர்த்துச் சிரிப்பு முகம் போடச் சொன்னதே, நகைச்சுவையை நகைச்சுவை என்று புரியவைக்கத்தான். நாற்பது வருடத்துக்கு மேலாகியும் நாம் முற்றுப்புள்ளிக்குச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம்.

எனக்கும் உங்களுக்கும் கூடுதலாக ஒன்று இருக்கிறது. தமிழில் ஒரே "சரி"யை எத்தனை விதமாகச் சொல்கிறோம். "சரி", "சரிங்க", "சரி சரி", "சரி, பார்க்கலாம்", பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு "சரி". எழுத்திலேயே பாதி வித்தியாசம் தெரிந்துவிடுகிறது. இரண்டாவது மொழியில் எழுதும்போது அந்தச் சரக்கெல்லாம் இல்லாமல் வெறுங்கையோடு நிற்கிறோம். உள்ளே குழையக் குழையச் சொல்வதாக நினைத்துத்தான் எழுதுகிறேன், போய்ச் சேரும்போது ரப்பர் ஸ்டாம்பு மாதிரி இருக்கிறது. இப்போதெல்லாம் "ஓகே" என்று மட்டும் எழுதுவதே இல்லை. "ஓகே, நாளை மதியத்துக்குள் பார்த்துவிட்டு எழுதுகிறேன்" என்று அடுத்து என்ன நடக்கும் என்பதையும் சேர்த்துவிடுவேன். கோபமா இல்லையா என்று யோசிக்க ஆளுக்கு நேரமே இருக்காது.

தேதியைப் பற்றிச் சொன்னீர்களே, எனக்கு நடந்ததையும் கேளுங்கள். ஒரு மாநாட்டுக்குக் கட்டுரை அனுப்பக் கடைசி நாள். இரவு பன்னிரண்டு அடித்தபோது எனக்கு மேற்கோள் பட்டியல் பாக்கி, இரண்டு படங்கள் பாக்கி. முடிந்தது என்று லேப்டாப்பை மூடிவிட்டுப் படுத்துவிட்டேன். மறுநாள் முழுக்க யாரோடும் பேசவில்லை. இரவு ஒரு தோழி கூப்பிட்டு "அனுப்பிவிட்டாயா?" என்றாள். நேற்றே முடிந்துவிட்டதே என்றேன். "பூமியில் எங்காவது" என்று போட்டிருந்ததே, பார்க்கவில்லையா என்று கேட்டாள். அறிவிப்பில் AoE (Anywhere on Earth) என்ற அந்த மூன்றெழுத்துச் சுருக்கத்தைப் பார்த்திருக்கிறேன், ஏதோ சங்கத்தின் பெயர் என்று நினைத்துக்கொண்டேன். அது ஒரு நேரக்கணக்கு. உலகத்தில் ஏதாவது ஓர் இடத்திலாவது அந்தத் தேதி முடியாமல் இருக்கும்வரை டெட்லைன் முடியவில்லை என்று அர்த்தம், அதாவது யுடிசி என்ற உலகப் பொது நேரத்துக்குப் பன்னிரண்டு மணி நேரம் பின்னால். நான் லேப்டாப்பை மூடியபோது எனக்கு இன்னும் பதினேழரை மணி நேரம் இருந்திருக்கிறது. தோழி கூப்பிட்டபோது அதுவும் தீர்ந்திருந்தது.

அதற்கப்புறம் நான் எங்கேயும் மாதத்தை எண்ணில் எழுதுவதில்லை, எழுத்தில்தான். நேரம் எழுதினால் யுடிசி-யையும் பக்கத்தில் போட்டுவிடுவேன். கூட வேலை செய்கிறவர்கள் முதலில் சிரித்தார்கள்.

பாதிக்கிணறு:

கோர்ஸ் பற்றி யாரும் பேசவில்லை, அது என் துறை. அதாவது, கோர்ஸ்களைப் பாதியில் விடுவது என் துறை. ஆறு சேர்ந்து ஒன்று முடித்தவன் நான்.

சோம்பல் என்று உங்களைத் திட்டிக்கொள்ளாதீர்கள். 2011-ல் ஸ்டான்ஃபோர்டில் செபாஸ்டியன் த்ரனும் பீட்டர் நார்விக்கும் செயற்கை நுண்ணறிவுப் பாடத்தை எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டார்கள். சேர்ந்தவர்கள் சுமார் 1,60,000 பேர். முடித்தவர்கள் ஏறத்தாழ 23,000. இவ்வளவு பேர் முடித்ததே அதிசயம் என்று பின்னால் தெரிந்தது. எம்ஐடி, ஹார்வர்டு இரண்டும் எட்எக்ஸ் என்ற இணையதளம் வழியாக நடத்திய கோர்ஸ்களின் ஆறு வருடக் கணக்கை 2019-ல் சயன்ஸ் இதழில் போட்டார்கள். 2017-18-ல் சேர்ந்தவர்களில் முடித்தவர்கள் சுமார் 3 சதவீதம். நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பேர் நம் ஆட்கள். சரிபார்த்த சான்றிதழுக்குப் பணம் கட்டியவர்களில் மட்டும் 46.

கட்டின காசு இழுக்கிறது என்று இதைப் படிக்கலாம். நான் முடித்த அந்த ஒன்று இலவசம்தான். அதை முடித்ததற்கு ஒரே காரணம், அதன் விவாதப் பலகையில் அறிமுகமான ஒருவர். எந்த நாடு, என்ன வயது, எதுவும் தெரியாது. இரண்டாவது வாரத்தில் என் விடையில் தப்பு கண்டுபிடித்தார். எனக்குச் சுருக்கென்றது. மூன்றாவது வாரத்தில் அவர் விடையில் தப்பு கண்டுபிடிக்கவே உட்கார்ந்து படித்தேன். இப்படியே பத்து வாரம். கடைசித் தேர்வு முடிந்ததும் "நன்றி, நல்ல பகை" என்று எழுதினார். அதோடு சரி, அப்புறம் தொடர்பே இல்லை.

மற்ற ஐந்தில் இந்த மாதிரி யாரும் அமையவில்லை. நானும் தேடவில்லை.

மூன்றாம்_ஷிப்ட்:

தாமதம், முற்றுப்புள்ளி எல்லாம் சரி. உங்கள் மீட்டிங் யாருடைய ராத்திரியில் நடக்கிறது? அதைக் கேட்காமல் மேலே இத்தனை பேர் எழுதியிருக்கிறீர்கள்.

எங்களுக்கு இரவு 10:30. தலைமை அலுவலகத்துக்குக் காலை 10. அவர்கள் தூங்கி எழுந்து சுறுசுறுப்பாக வருகிறார்கள், நாங்கள் கண்ணைத் தேய்த்துக்கொண்டு உட்காருகிறோம். அப்புறம் எங்களுக்குத்தான் ஈடுபாடு போதாதாம். இதில் கடிகாரம் மாற்றும் கூத்து வேறு. அமெரிக்காவில் 2007 முதல் மார்ச் இரண்டாவது ஞாயிறு முள்ளைத் தள்ளி, நவம்பர் முதல் ஞாயிறு திருப்பி வைக்கிறார்கள். ஐரோப்பாவில் மார்ச் கடைசி ஞாயிறு, அக்டோபர் கடைசி ஞாயிறு. எங்கள் பக்கம் மாற்றுவதே கிடையாது. அவர்கள் "அதே காலை 10" என்று சாதாரணமாகச் சொல்வார்கள், நவம்பரிலிருந்து அது எனக்கு இரவு 11:30. மார்ச்சில் அமெரிக்கா மாற்றிவிட்டு ஐரோப்பா மாற்றாமல் இருக்கிற இரண்டு மூன்று வாரத்தில் எங்கள் டீமில் யாராவது ஒருவர் தப்பான நேரத்துக்கு வந்து தனியாக உட்கார்ந்திருப்பார். போன வருடம் நான்.

பிரான்சில் 2017 ஜனவரி முதல், ஐம்பது பேருக்குக் குறையாத நிறுவனங்கள் வேலை நேரத்துக்கு வெளியே தொடர்பைத் துண்டிக்கும் உரிமை பற்றி ஊழியர்களோடு பேச வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. போர்ச்சுகல் 2021-ல் முதலாளி வேலை நேரம் தாண்டித் தொந்தரவு செய்யக் கூடாது என்றே எழுதிவிட்டது. ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்ட் முதல், வேலை நேரத்துக்கு வெளியே வரும் அழைப்பைப் பார்க்காமலே இருக்கலாம், அப்படி மறுப்பது நியாயமற்றதாக இல்லாதவரை. எல்லாம் நல்ல சட்டங்கள்தான். ஆனால் ஒருவருடைய வேலை நேரமே இன்னொருவருடைய நடுராத்திரி என்றால் எந்த நேரத்துக்கு வெளியே என்று சட்டம் சொல்லும்?

எங்களுக்குக் கைகொடுத்தது வேறு. ஒருவர் துணிந்து கேட்டார்: மாதத்தில் ஒரு மீட்டிங்காவது எங்கள் காலையில் வையுங்கள், உங்கள் ராத்திரியில். மறுப்பு சொல்லக் காரணம் கிடைக்காததால் வைத்தார்கள். முதல் தடவை மேனேஜர் கொட்டாவி விட்டதை நாங்கள் ஏழு பேரும் பார்த்தோம். அடுத்த வாரமே பாதி மீட்டிங்குகள் "எழுத்தில் போதும்" என்று காணாமல் போயின.

குறுக்குச்சால்:

கம்பிவடம் கேட்டாரே என்று பார்த்தேன். எங்கள் பத்து பேரில் எட்டு பேர் ஒரே கட்டடம். மற்ற இரண்டு பேரும் மீட்டிங்கில் பேசி நான் கேட்டதே இல்லை. இதற்கு மேல் நான் ஒன்றும் சொல்வதற்கில்லை.

மியூட்டில்_இருப்பவள்:

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

எண்ணிப் பார்த்தேன். தம்பியை எதிரில் உட்காரவைத்து எண்ணியபோது 9 வினாடி. டீமில் உள்ள ஒருவரோடு ஆன்லைனில் 17. எட்டைப் பத்தால் வகுத்தால் 800 மில்லிவினாடி. கம்பிவடம் அண்ணா சொன்னதைவிட மோசம். அப்புறம் அலமாரியில் கிடந்த பழைய கம்பி ஹெட்செட்டைத் தேடி எடுத்து, கேபிளை நேராக லேப்டாப்பில் செருகி மறுபடி எண்ணினோம். 13.

எண்ணி முடித்ததும் அவர் சும்மா இருந்தார். கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார், இந்த மூன்று வருடமும் அவர் பேச ஆரம்பிக்கும்போதெல்லாம் நான்தான் வேண்டுமென்றே குறுக்கே வருகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தாராம். ஒரு தடவை மேனேஜரிடம் சொல்லலாமா என்றுகூட யோசித்திருக்கிறார். சொன்னாரா என்று நான் கேட்கவில்லை.

இப்போது மீட்டிங்குக்கு முந்தின நாளே நான் சொல்ல வேண்டியதை மூன்று நான்கு வரியில் பொதுக் குறிப்பில் எழுதிவிடுகிறேன், மாதத்தை எழுத்தில் போட்டு. மேனேஜர் அதைப் பார்த்து "இது உங்களுடையதுதானே, சொல்லுங்கள்" என்று பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். கூப்பிட்டால் அரை வினாடி பிந்தினாலும் யாரும் இடத்தைப் பிடிப்பதில்லை. நேரத்தை மாற்றிக் கேட்கும் தைரியம் இன்னும் வரவில்லை. மதிப்பீட்டுக் குறிப்பு அப்படியேதான் இருக்கிறது. எண்ணிக்கைக் கணக்கை மேனேஜருக்கு அனுப்பினேன், "சுவாரசியம்." என்று பதில் வந்தது. கடைசியில் முற்றுப்புள்ளி. அரைப்புள்ளி, இதற்கு என்ன அர்த்தம்?

பாதிக்கிணறு, அந்தப் புள்ளியியல் கோர்ஸ் அடுத்த திங்கள் மறுபடி தொடங்குகிறது. எனக்கு ஒரு பகை தேவை. வியாழன்தோறும் இரவு 9 மணி முடியுமா?

பாதிக்கிணறு:

முடியும். எனக்கு அது மாலை 4:30. அக்டோபர் கடைசி ஞாயிறு தாண்டினால் 3:30, அப்போது ஞாபகப்படுத்துங்கள். முதல் வாரத்து விடைகளைப் புதன்கிழமையே போட்டு வையுங்கள், தப்பு தேட எனக்கு ஒரு நாளாவது வேண்டும்.